இலவசக் கச்சேரிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? சிகாகோ கிராண்ட் பார்க் இசை விழா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஊரின் இசைக்குழு அடுத்த பருவத்துக்குத் திட்டம் போட உட்காரும்போது, "இந்த வருஷமும் டிக்கெட் வேண்டாம், எல்லோரும் வரட்டும்" என்று சொல்வது சுலபம். அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. சங்கடம் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. மண்டப வாடகை, டிம்பனி முரசுகளை ஏற்றி இறக்கும் வண்டிக் கூலி, பதிப்பாளரிடமிருந்து வாடகைக்கு எடுக்கும் இசைத்தாள்கள், காப்பீடு, இசை நடத்துநரின் சம்பளம், கடைசி வாரத்தில் ஓபோ என்ற குழல் வாத்தியம் வாசிக்க வெளியிலிருந்து அழைக்கும் கலைஞருக்கான தொகை என்று செலவு வரிசையாக நிற்கிறது. கேட்க வருபவர் ஒன்றும் தராதபோது வேறு யாரோ தந்தாக வேண்டும். அவர் யார், எதற்காகத் தருகிறார், எத்தனை வருஷம் தருவார் என்பதில்தான் ஓர் இலவசப் பருவத்தின் ஆயுள் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்டிருப்பது சிகாகோவின் கிராண்ட் பார்க் இசை விழா. இங்கே வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள் அல்ல, சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர்கள். ஆனாலும் இலவசமாகச் செவ்வியல் இசை தர நினைக்கும் எந்தச் சிறு குழுவுக்கும் இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு இருக்குமா என்பது சந்தேகம். 1935ல் தொடங்கிய விழா இது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஏறக்குறைய பத்து வாரம், பெரும்பாலும் புதன், வெள்ளி, சனி மாலைகளில், நகரின் நடுவே திறந்தவெளியில் முழு சிம்பொனி இசைக்குழு வாசிக்கும். பெரிய சேர்ந்திசைக் குழு ஒன்றும் உண்டு. புல்தரையில் உட்கார்ந்து கேட்க யாரும் ஒரு காசு தர வேண்டியதில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம், உலகப்போர், நகராட்சியின் பணமுடை என்று எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது. 2020ல் தொற்றுக்காலம் மேடையை மூட வைத்தது. அடுத்த கோடையில் மறுபடி வாசித்தார்கள்.

இடம் எங்கிருந்து வந்தது

இலவசக் கச்சேரியின் முதல் செலவு இடம். சிகாகோவில் அந்தச் செலவை, இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டார்.

கிராண்ட் பார்க் மிச்சிகன் ஏரிக்கரையில் நகரின் மையத்தை ஒட்டிக் கிடக்கிறது. 1871 பெருந்தீயில் எரிந்த கட்டடங்களின் இடிபாடுகளை ஏரியில் கொட்டித் தூர்த்த நிலமும் அதில் உண்டு. 1836ல் அந்தக் கரையை மனை பிரித்து வரைபடம் போட்டவர்கள், ஒரு பகுதியின் மேல் மட்டும், இது பொது நிலம், கட்டடமோ வேறெந்தத் தடையோ இல்லாமல் என்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஊர் வளர்ந்தபோது அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குப்பை, கொட்டகை, தண்டவாளம் எல்லாம் வந்து சேர்ந்தன. தபால் வழி விற்பனையில் பெரும் பணம் சம்பாதித்த ஆரன் மான்ட்கோமரி வார்டுக்கு அந்த நிலத்தைப் பார்த்தபடி அலுவலகம் இருந்தது. அவர் 1890ல் வழக்குப் போட்டார். 1911 வரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து அந்த ஒரு வரியை நிலைநிறுத்தினார். முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் அவரைத் திட்டினார்கள். பூங்காவுக்குள் வரவிருந்த ஃபீல்ட் அருங்காட்சியகம் கடைசியில் தெற்கே தள்ளிப் போய்த்தான் எழுந்தது.

விதிவிலக்காக நின்ற ஒரே பெரிய கட்டடம் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகம். 1893ல் சர்வமத மாநாடு கூடி விவேகானந்தர் பேசிய இடம் அதுதான். அவரை அனுப்ப அளசிங்கப் பெருமாளும் மற்ற சென்னை நண்பர்களும் வீடுவீடாகப் பணம் திரட்டியது நமக்குத் தெரிந்த கதை. அந்தக் கட்டடத்துக்கு வடக்கே தெருவைக் கடந்தால் இன்றைக்குக் கச்சேரி நடக்கும் மில்லேனியம் பார்க் வந்துவிடும்.

வார்ட் கச்சேரியை நினைத்து வழக்காடவில்லை. ஆனால் ஒரு பெருநகரத்தின் மிக விலையுயர்ந்த நிலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாடகையில்லாமல் உட்கார முடிகிறதென்றால் அதன் வேர் அந்த வழக்குகளில் இருக்கிறது.

வேலை போன வாத்தியக்காரர்கள்

1927க்குப் பிறகு பேசும் படம் பரவியது. அதுவரை ஒவ்வொரு சினிமாக் கொட்டகையிலும் மௌனப் படத்துக்கு நேரில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்கள் ஓரிரு வருடங்களில் கலைந்தன. அமெரிக்கா முழுவதும் பல்லாயிரம் கலைஞர்கள் வேலையிழந்தார்கள். அவர்கள் மூச்சு விடுவதற்குள் 1929ன் பங்குச்சந்தை வீழ்ச்சி வந்தது, பின்னாலேயே பெருமந்தமும் வந்தது. சிகாகோ நகரத்தால் பள்ளி ஆசிரியர்களுக்கே ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க முடியாத காலம் அது.

அந்த நிலையில் 1931ல் மேயர் ஆன்டன் செர்மாக், மக்களின் மனச்சோர்வைக் கொஞ்சமாவது மாற்ற ஏரிக்கரையில் இலவசக் கச்சேரிகள் நடத்தலாம் என்றார். ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கின் மேடையை மாதிரியாக வைத்துச் சிப்பி வடிவில் ஒரு மேடையும் எழுந்தது. ஆனால் செர்மாக் அந்தக் கச்சேரிகளைப் பார்க்கவில்லை. 1933 பிப்ரவரியில் மயாமியில், அப்போது அதிபராகப் பதவியேற்கக் காத்திருந்த ரூஸ்வெல்ட்டின் அருகே நின்றபோது பாய்ந்த குண்டு அவரைத் தாக்கியது. மார்ச் மாதம் இறந்துபோனார்.

யோசனையைக் கையில் எடுத்துச் செய்து காட்டியவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. டிரம்பெட் வாசித்தவர், அதிகம் படிக்காதவர், 1922லிருந்து சிகாகோ இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர். 1934ல் நகரின் 22 தனித்தனிப் பூங்கா அமைப்புகளை இணைத்துச் சிகாகோ பூங்கா வாரியம் உருவானபோது அதிலும் அவர் ஓர் ஆணையர். ஒரு கையில் வேலையில்லாத கலைஞர்கள், மறு கையில் பூங்காவின் நிர்வாகம். சங்கமும் வாரியமும் சேர்ந்து 1935 ஜூலை 1 அன்று முதல் கச்சேரியை நடத்தின.

விழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக ரசிகர்களுக்குக் கிடைத்த பரிசாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு அதற்குச் சமமாகவே முக்கியமாகப் படுவது இன்னொரு பக்கம். இந்தப் பருவம் பிறந்ததே கலைஞருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதற்காக. கேட்பவருக்கு இலவசம் என்பதும் வாசிப்பவருக்குச் சம்பளம் உண்டு என்பதும் முதல் நாளிலிருந்தே ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. உலகெங்கும் இலவசக் கச்சேரி என்ற பெயரில் கலைஞரின் உழைப்பையும் சேர்த்து இலவசமாக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படித் தொடங்கியவை நாலைந்து வருடத்தில் களைத்துப் போவதற்குக் காரணம் அதுதான்.

கூட்டம் வந்தது. 1939ல் பாடகி லில்லி பான்ஸ் பாடியபோது லட்சக்கணக்கில் மக்கள் திரண்டதாகச் செய்திகள் வந்தன. தொடக்க வருடங்களில் பல குழுக்கள் மாறி மாறி வாசித்தன. 1940களின் நடுவில் பூங்கா வாரியம் தனக்கென்றே நிரந்தரமான ஒரு சிம்பொனி இசைக்குழுவை வைத்துக்கொண்டது. 1962ல் தாமஸ் பெக் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். 1958 கோடையில், மாஸ்கோவில் சாய்கோவ்ஸ்கி போட்டியை வென்று சில மாதங்களே ஆகியிருந்த வான் கிளைபர்ன் இங்கே பியானோ வாசித்தார். பனிப்போரின் உச்சத்தில், அந்த வருடம் உலகமே பேசிய கலைஞரை சிகாகோவின் கூலித் தொழிலாளியும் நேரில் கேட்க முடிந்தது.

பெட்ரில்லோவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 1940ல் அவர் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் தலைவரானார். ரேடியோவிலும் ஹோட்டல்களிலும் இசைத்தட்டு ஓடும்போது நேரில் வாசிப்பவனுக்கு வேலை எங்கே என்று கேட்டு, 1942 ஆகஸ்டில் தன் உறுப்பினர்கள் யாரும் ஒலிப்பதிவுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டார். இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943ல் இறங்கிவந்தது. கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்துப் பின்னர் உடன்பட்டன. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சிறு தொகை, பொதுமக்களுக்கான இலவசக் கச்சேரிகளில் வாசிக்கும் கலைஞர்களின் சம்பளத்துக்கான நிதிக்குப் போக வேண்டும் என்பது உடன்பாடு. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்திய 1947ன் டாஃப்ட் ஹார்ட்லி சட்டம் சங்கமே அந்த நிதியை நிர்வகிக்கக் கூடாது என்றதும் 1948ல் இரண்டாவது தடை வந்தது. தனிப்பட்ட அறங்காவலரின் கீழ் ஓர் இசை நிகழ்ச்சி அறக்கட்டளை நிதி உருவானது. அது இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பூங்கா, பள்ளி, முதியோர் இல்லம் என்று நடக்கும் இலவச நிகழ்ச்சிகளில் வாசிப்பவர்களுக்கு அதிலிருந்து பணம் வருகிறது. நேரடி இசையை எது கொல்கிறது என்று நினைத்தாரோ அதன் வருமானத்திலிருந்தே நேரடி இசைக்கு ஒரு பங்கை எடுத்தார். இதைப்போல் துணிச்சலான கலைக் கொள்கைகள் அந்த நூற்றாண்டில் அதிகமில்லை.

ஆனால் அதே மனிதர் 1942ல் மிச்சிகன் மாநிலத்தில் இண்டர்லாகன் இசை முகாமின் பள்ளி மாணவர்கள் வாசிப்பதை ரேடியோவில் ஒலிபரப்பக் கூடாது என்று தடுத்தார். பிள்ளைகள் சம்பளமில்லாமல் வாசித்தால் சம்பளக் கலைஞரின் இடம் போகும் என்பது அவர் வாதம். நாடே கொதித்தது. 1946ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மனதில் வைத்தே ஒரு சட்டம் போட்டது. அந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தவறில்லை. தன்னார்வலர்கள் வாசிக்கும் சமூக இசைக்குழு எங்கே நிற்க வேண்டும், தொழில்முறைக் கலைஞர் எங்கே நிற்க வேண்டும் என்ற கோடு இன்றும் அவ்வளவு தெளிவாக இல்லை.

மேடையும் ஒலியும்

1978ல் விழா பூங்காவின் வேறொரு பகுதிக்கு, பெட்ரில்லோவின் பெயர் தாங்கிய புதிய மேடைக்கு மாறியது. அங்கே இருந்த காலத்தைச் சட்டென்று கடந்து 2004க்கு வந்துவிடலாம், ஏனென்றால் பெரிய மாற்றம் அப்போதுதான் நடந்தது.

மில்லேனியம் பார்க் திறக்கப்பட்ட அந்த வருடம், ஃபிராங்க் கேரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் திறந்தவெளி அரங்கம் விழாவின் வீடானது. மேடையைச் சுற்றிச் சுருள் சுருளாக விரியும் எஃகுத் தகடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நிலையான இருக்கைகள் சுமார் 4,000. பின்னால் உள்ள புல்வெளியில் இன்னும் 7,000 பேர் உட்காரலாம். இத்தனைக்கும் கீழே ரயில் பாதையும் வாகன நிறுத்தமும் இருக்கின்றன. பூங்கா முழுவதும் ஒரு பெரிய மாடித் தோட்டம்தான்.

கட்டடமே கூடாது என்ற பழைய தீர்ப்புகள் என்னவாயின? அரங்கத்தைக் கட்டடமாகக் கணக்கில் எடுக்காமல் கலைப்படைப்பாக வகைப்படுத்தி உயரக் கட்டுப்பாட்டைத் தாண்டினார்கள். பக்கத்திலுள்ள ஹாரிஸ் அரங்கைப் பெரும்பாலும் நிலத்துக்கடியில் இறக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் பின்மேடை வசதிகள் பொது. கடும் மழை வந்தால் கச்சேரியை ஹாரிஸ் அரங்குக்குள் கொண்டுபோக முடிகிறது. திறந்தவெளிப் பருவம் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாற்று இடம் கைவசம் இல்லாத கோடைப் பருவம் வானிலையை நம்பிச் சூதாடுகிறது.

இனி ஒலி. வழக்கமான திறந்தவெளிக் கச்சேரியில் மேடையின் இருபுறமும் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவிடுவார்கள். முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு இரைச்சல் மட்டும் வந்து சேரும். புல்லாங்குழல் எங்கிருந்து வருகிறது, செல்லோ எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் கலைந்துவிடும். இங்கே புல்வெளிக்கு மேலே சுமார் 600 அடி நீளம், 300 அடி அகலத்துக்கு வளைந்த எஃகுக் குழாய்களால் ஒரு பந்தல் போட்டு, அதிலிருந்து ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டார்கள். நடுவில் தூண்கள் இல்லாததால் மேடையை எதுவும் மறைப்பதில்லை.

நுட்பம் நேரத்தில் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் தட்டிய டிம்பனி, 170 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வர அரை நொடி ஆகும். கம்பி வழியே போகும் மின்சைகையோ அந்த நொடியே தலைக்குமேல் உள்ள ஸ்பீக்கரை அடைந்துவிடும். அப்படியே விட்டால் முதலில் மேலிருந்து ஒரு அடி, பிறகு மேடையிலிருந்து ஒரு அடி என்று இரண்டாகக் கேட்கும். அதனால் ஒவ்வொரு வரிசை ஸ்பீக்கரையும் மேடையிலிருந்து அது இருக்கும் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்துகிறார்கள். மேடையின் நேரடி ஒலி வந்த அடுத்த கணத்தில் ஸ்பீக்கரின் ஒலி வந்து சேரும்படி அமைத்தால், எந்த ஒலி முதலில் வந்ததோ அந்தத் திசையையே மூளை எடுத்துக்கொள்ளும். ஓசை மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். இதுபோக, உள்ளரங்கில் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியைப் போல ஒரு மெல்லிய சூழ் ஒலியை உண்டாக்கத் தனி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. சுவரே இல்லாத இடத்தில் சுவர் இருப்பதுபோல் காதுக்குக் கேட்க வைக்கிறார்கள்.

இதில் நான் மதிப்பது இந்த அக்கறையைத்தான். இலவசமாக வருகிறவர்களுக்கு இது போதும் என்று யாரும் நினைக்கவில்லை.

பருவம் எப்படி உருவாகிறது

அமெரிக்காவின் பல சிம்பொனி இசைக்குழுக்கள் கோடையில் ஓய்வெடுக்கும். அந்த இடைவெளியைத்தான் இந்த விழா பயன்படுத்திக்கொள்கிறது. மற்ற நகரங்களின் இசைக்குழுக்களிலும் ஓபரா அரங்குகளிலும் வாசிக்கும் கலைஞர்கள் கோடைக்குச் சிகாகோ வருகிறார்கள். வருடா வருடம் அதே முகங்கள் திரும்பி வருவதால் குழு சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அது அவசியமும்கூட. வாரத்தில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒத்திகை நேரம் கொஞ்சம்தான்.

அந்த ஒத்திகைகளையும் பொதுமக்கள் பார்க்கலாம். என்னைக் கேட்டால், விழாவின் மிக நல்ல பகுதி இதுதான். மாலைக் கச்சேரியில் ஒரு சிம்பொனியின் நான்கு பகுதிகளும் தங்குதடையின்றி ஓடும். பகல் ஒத்திகையில் நடத்துநர் பத்துப் பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் கையைத் தூக்கி நிறுத்துவார். கொம்பு வாத்தியக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லி, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். இப்போது இதுவரை மூடிக்கிடந்த வியோலாக்களின் மெட்டு வெளியே வரும். முதல் வயலின் கலைஞர் பென்சிலால் வில்லின் திசையைத் தாளில் குறித்துக்கொள்வார், அது பின்வரிசை வரை கைமாறிப் போகும். மதிய உணவை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் அலுவலகக்காரரும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளும், ஒரு சிம்பொனி எப்படி ஒட்டுப்போட்டு உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். எந்த முன்னுரையும் அறிமுகப் பேச்சும் இதற்கு ஈடாகாது. இதற்குக் கூடுதல் செலவும் கிடையாது.

நிகழ்ச்சித் தேர்வைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. இலவசம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பாடல்களைத்தான் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பது அந்த எண்ணம். இங்கே நடப்பது நேர்மாறு. டிக்கெட் விற்கும் குழு, ரசிகருக்குப் பழக்கமில்லாத பெயரைப் போட்டால் இருக்கை காலியாகுமே என்று பயப்பட வேண்டியிருக்கிறது. டிக்கெட்டே இல்லாத இடத்தில் அந்தப் பயம் இல்லை. பிடிக்கவில்லையென்றால் ரசிகர் எழுந்து நடந்துபோகலாம், அவருக்கும் நஷ்டமில்லை. 2000 முதல் 2024 வரை முதன்மை நடத்துநராக இருந்த கார்லோஸ் கல்மார் இந்தச் சுதந்திரத்தை நன்றாகவே பயன்படுத்தினார். எங்கும் அதிகம் கேட்கக் கிடைக்காத அமெரிக்கப் படைப்புகளைத் தேடி எடுத்து வாசித்தார். புலிட்சர் பரிசு வென்றும் மறக்கப்பட்டிருந்த வில்லியம் ஷூமன், லியோ சோவர்பி ஆகியோரின் சேர்ந்திசைப் படைப்புகளைக் காப்லண்டின் படைப்போடு சேர்த்து உள்ளூர் இசைப்பதிவு நிறுவனமான செடில் வெளியிட்டது. 2025ல் பொறுப்பேற்ற ஜியான்கார்லோ குரேரோவும் சமகால அமெரிக்க இசையில் ஆழ்ந்தவர். அடுத்து வரும் பருவங்களும் இந்த வழியில் போகும் என்று எதிர்பார்க்கலாம்.

பணம் வரும் வழிகள்

இப்போது மூன்று தரப்பு சேர்ந்து சுமக்கிறது. பூங்கா வாரியம் ஒன்று. அதற்குச் சொத்துவரியில் பங்கு உண்டு. நகரின் பண்பாட்டுத் துறை இரண்டாவது. தனியார் நன்கொடையையும் உறுப்பினர் கட்டணத்தையும் திரட்டும் கிராண்ட் பார்க் இசைக்குழுச் சங்கம் மூன்றாவது. உறுப்பினர்களுக்கு முன்வரிசைகளில் இருக்கை ஒதுக்குகிறார்கள். மற்ற இருக்கைகளும் புல்வெளி முழுவதும் யாருக்கும் திறந்திருக்கின்றன.

முன்வரிசையை விற்பது சரியா என்ற விவாதம் அடிக்கடி வரும். கொள்கையாகப் பார்த்தால் நெருடத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். பணம் கொடுப்பவர் வாங்குவது முன்னால் உட்காரும் வசதி மட்டும்தான், கச்சேரியை இல்லை. பின்னால் இருப்பவருக்கு இசையின் ஒரு துளியும் குறையாதபடி அந்தப் பந்தல் பார்த்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு தரப்பு ஒரு வருஷம் கையைப் பிசைந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்பது அதைவிட முக்கியம். ஒரே ஒரு வள்ளலை நம்பித் தொடங்கும் குழுக்கள் அவருடைய ஆர்வமோ ஆயுளோ முடியும்போது சேர்ந்து முடிந்துபோகின்றன.

சரியில்லாதவை

நகரின் நடுவே நடப்பதால் சத்தம் தவிர்க்க முடியாதது. சிம்பொனியின் மெல்லிய இரண்டாம் பகுதி போகும்போது தீயணைப்பு வண்டி சைரனோடு மிச்சிகன் அவென்யூவில் பாயும். ஆகஸ்ட் தொடக்கத்தில் கிராண்ட் பார்க்கில் பெரிய ராக் விழா நடக்கும் வார இறுதியில் இசைக்குழு உள்ளரங்குக்கு ஒதுங்கிக்கொள்கிறது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

பொறுத்துக்கொள்ளக் கடினமானவை இரண்டு. 2022 மே மாதம் பூங்காவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்த பிறகு, வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை 6 மணிக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி மில்லேனியம் பார்க்கில் இருக்கக்கூடாது என்று நகரம் உத்தரவிட்டது. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் வெள்ளிக் கச்சேரி 6.30க்கு, சனிக் கச்சேரி 7.30க்கு. பள்ளியில் செல்லோ கற்கும் 16 வயதுப் பெண், கூட வர யாருமில்லையென்றால், அந்த உத்தரவின்படி அங்கே உட்கார முடியாது. டிக்கெட் இல்லாத இடத்திலும் வாசல் ஒன்று முளைத்துவிடுகிறது. அதுவும் இந்த இசை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு எதிரே.

இரண்டாவது, தூரம். சிகாகோவின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கறுப்பின, லத்தீன் குடியிருப்புகளிலிருந்து நகர மையத்துக்கு மாலையில் வந்து திரும்புவது ஒரு தனி வேலை. வேலை முடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு வண்டி மாறி வர வேண்டும் என்றால் இலவசம் என்ற சொல்லுக்குப் பாதி பொருள்தான் மிஞ்சும். விழா இதை உணராமல் இல்லை. குடியிருப்புப் பூங்காக்களுக்குப் போய் வாசிப்பதும், சிம்பொனி இசையில் குறைவாகவே இடம்பெற்றுவரும் சமூகங்களைச் சேர்ந்த இளம் தந்திவாத்தியக் கலைஞர்களுக்கும் பாடகர்களுக்கும் உதவித்தொகையோடு குழுவில் இடம் தருவதும் நடக்கின்றன. நல்ல முயற்சிகள். ஆனால் பருவத்தின் பெரும்பகுதி அந்த ஒரே மேடையில்தான் நடக்கிறது.

சின்னக் குழுவுக்கு

அறுபது பேர் கொண்ட ஒரு சமூக இசைக்குழுவிடம் எஃகுப் பந்தலும் இருக்காது, சொத்துவரியும் இருக்காது. ஆனால் வரவிருக்கும் பருவத்துக்கான கூட்டத்தில் சில முடிவுகளைச் சிகாகோவின் அனுபவத்தை வைத்து எடுக்கலாம்.

யாருக்குச் சம்பளம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை எழுதிவையுங்கள். ஆசிரியர், மருத்துவர், கணக்கர் என்று வேறு பிழைப்பு உள்ள உறுப்பினர்கள் மகிழ்ச்சிக்காக வாசிக்கட்டும். ஆனால் வாசித்துத்தான் பிழைக்கிறேன் என்று சொல்பவரை அழைத்தால் பேசிய தொகையைக் கச்சேரி முடிந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகைக்கு மேலே சொன்ன இசைத்தட்டு நிதி போன்ற வழிகள் இருக்கின்றனவா என்று தேடலாம். வட அமெரிக்காவில் இருக்கும் குழுக்களுக்கு அது நடைமுறையிலேயே சாத்தியம்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இசைத்தாளில் குறையுங்கள். ஹேடன், மொசார்ட், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோருக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பழைய பதிப்புகளின் தாள்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அங்கே மிச்சம் பிடிப்பதை வைத்துப் பருவத்துக்கு ஒன்றாவது உயிரோடிருக்கும் இசையமைப்பாளரின் படைப்பை வாடகை கொடுத்து எடுக்கலாம். டிக்கெட் விற்காத குழுவுக்கு அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகும் என்பதைக் கல்மாரின் கால் நூற்றாண்டு காட்டியிருக்கிறது.

கடைசி ஒத்திகையின் கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள், பிள்ளைகள் வயலின் வரிசைக்குப் பக்கத்திலேயே உட்காரட்டும்.

அப்புறம் இடம். நான்கு கச்சேரிகளில் மூன்றை வழக்கமான மண்டபத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் பேருந்து சரியாகப் போகாத பகுதியின் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ வைப்பது எளிது. அந்த ஒன்று எது என்று முதலில் முடிவுசெய்து, தேதியும் குறித்துவிட்டு, மற்ற மூன்றையும் அதைச் சுற்றி அமைக்கலாம். பணம் குறைந்தால் மற்றவற்றில் ஒன்றைக் கைவிடலாம், அந்த ஒன்றைத் தொடக்கூடாது.